ரங்கூன் கிணற்றில் ஒரு குடம்

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் விடியும் முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி... அடுத்தவர் குடத்தை யாரும் தொட மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை தொட்டார்கள்.

குடம் பொன்னுத்தாயுடையது. பர்மாவில் குண்டு விழுந்ததும் புருஷனோடு காடும் மலையுமாக நடந்து ஊர் திரும்பியவள். ஹார்பர் கூலிகளுக்கு இட்லி அவித்து விற்கிறாள். தண்ணீர் இல்லையென்றால் அன்றைய பிழைப்பு போச்சு.

குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தவர் எதிர்க்கடை அண்ணாச்சி.

"ஏளா, இங்கன உள்ளவங்களுக்கே தண்ணி காணல. நீங்க வேற கூட்டங் கூட்டமா வந்து எறங்குதிய. கூலி கொறஞ்சிட்டு, வாடகை ஏறிட்டு. எல்லாம் ஒங்களாலதான்."

"மாவு பொங்கி நிக்கி அண்ணாச்சி. ஒரு கொடம் போதும்" என்றாள் அவள். அவர் காதில் வாங்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூலியைக் குறைத்தது யார்? 'இஷ்டமில்லையா, போ... பர்மாக்காரன் இருக்கிறான்' என்று சொல்லும் காண்ட்ராக்டர். அவரைக் கண்டால் அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து கும்பிடு போடுகிறார். வாடகையை ஏற்றியது யார்? ஆடு கட்டியிருந்த கொட்டகையை இதே பொன்னுத்தாய்க்கு இரட்டை வாடகைக்கு விட்டிருக்கிற அண்ணாச்சிதான்.

அந்தக் கிணறு மட்டும் எப்படி வந்தது? ரங்கூனுக்குப் போய் மூட்டை தூக்கிய நம்மூர்க்காரர்கள் அனுப்பிய பணத்தில் வெட்டியது. இன்றைக்கும் அதற்கு 'ரங்கூன் கிணறு' என்றுதான் பேர். ரங்கூன் பணம் வேண்டும். ரங்கூனிலிருந்து வந்தவள் குடம் மட்டும் வேண்டாம். வெட்கமாக இல்லை?

நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"பேப்பர்ல எழுதுத ஒங்களுக்கு ஊர்க் கஷ்டம் எங்க தெரியும்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "எனக்கே மனசு சரியில்ல. கொழும்புல என் தம்பி கடை வச்சிருக்காம்லா... 'எங்க பொழப்பக் கெடுக்க வந்தவன்'னு சொல்லி அங்கன உள்ளவனுவ வெரட்டுதானுவளாம். அடுத்த தோணில குடும்பத்தோட வாரான். மனுசனுவளா அவனுவ?"

அவர் கண் கலங்கியிருந்தது. கோபம் பொய்யில்லை... அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பொன்னுத்தாய் காலிக் குடத்தோடு போய்விட்டாள். அன்று ஹார்பரில் இட்லி இல்லை.

வரட்டும் அண்ணாச்சி, தம்பி நல்லபடியாக வந்து சேரட்டும். அவர் குடத்தை வரிசையில் எங்கே வைக்கப் போகிறீர்கள்?