மார்க்கர் ஆடிய ஒரே மேட்ச்

தளவாய்க்கு நாற்பத்திரண்டு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு பழைய கிளப்பில் இருபத்திரண்டு வருடமாக டென்னிஸ் மார்க்கர். கூட ஆட ஆள் கிடைக்காத மெம்பருக்கு எதிர்ப்பக்கம் நின்று பந்து அடித்துக் கொடுப்பதுதான் மார்க்கர் வேலை. ஆட்டம் மெம்பருடையது, ஓட்டம் மட்டும் இவருடையது.

டாக்டரோ வக்கீலோ, யார் வந்தாலும் அவரவருக்குப் பிடித்த உயரத்தில், பிடித்த பக்கத்தில் பந்து போய் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், சொந்த ஊரான தென்காசியின் திமிரோ என்னவோ, ஒரு மெம்பர் எட்ட முடியாத மூலையில் அடித்துவிட்டார். அந்தப் பெரிய மனுஷன் மட்டையை எறிந்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனார். தளவாய் ஒரு வாரம் கோர்ட்டுக்கு வெளியே புல் வெட்டினார். பிறகு அந்தத் தப்பு நடக்கவே இல்லை.

போன வருடம் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஒரு டோர்னமென்ட் அறிவித்தார்கள். மூன்று பிரிவு. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு பிகினர்ஸ், அதற்கு மேல் ஒன்று, மாநில அளவில் ஆடியவர்களுக்கு ஓப்பன். தளவாய்க்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும். தனக்கு ஆட வருமா, இல்லை ஆடுகிறவனுக்குப் பந்து கொடுக்க மட்டும்தான் வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் மனைவி பேச்சி சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். "மொதல்ல சின்னதுல பேரு குடுங்க. நீங்க பாயிண்ட் எண்ணி ஆடுனதே இல்லியே" என்றாள். இவருக்குச் சுருக்கென்றது. ஊரிலுள்ள டாக்டர்களை எல்லாம் ஆட வைத்த கை, புதுசு படிக்கிறவர்களோடு போய் நிற்பதா? நடுப்பிரிவில் பெயர் கொடுத்தார். அதையே தான் இறங்கி வந்ததாக நினைத்துக்கொண்டார்.

முதல் சுற்றில் எதிரே வந்தவர் ரெஜி, பேங்க் மேனேஜர். தொப்பை, முழங்காலில் பட்டை. இடது பக்கம் வரும் பந்தை அவரால் திருப்பவே முடியாது. இரண்டாவது நிமிடமே தளவாய் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எதிராளிக்கு எந்தப் பக்கம் வராது என்று ஒரு மார்க்கருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அந்தப் பக்கம் பந்து போகாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

இடது பக்கம் அடி என்றது மனசு. கை வலது பக்கம் போட்டது, இடுப்பு உயரத்தில், தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. ரெஜி ஓங்கி அடித்தார். அடுத்ததும் அப்படியே. தளவாய்க்குத் தன்மேலேயே ஆத்திரம். பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் அடித்துப் பார்த்தார். ஒன்று வலையில் போய் விழுந்தது, ஒன்று கோட்டைத் தாண்டிப் போனது. இத்தனை வருடம் அடிக்காத அடி, கேட்டவுடனே வந்துவிடுமா?

முதல் செட் போனது. இரண்டாவதும் போகிற நேரத்தில், திரும்பி ஓடிய ரெஜி சறுக்கி உட்கார்ந்துவிட்டார். பந்து தளவாய் முன்னால் உயரமாகத் துள்ளி நின்றது. எதிரே கோர்ட் முழுக்கக் காலி. எங்கே தட்டினாலும் பாயிண்ட். பந்து இறங்கட்டும் என்று தளவாய் காத்திருந்தார். ரெஜி கையூன்றி எழுந்தார். எழுந்தவரின் வலது கைக்கு நேராகப் பந்து மெதுவாகப் போய்ச் சேர்ந்தது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். என்ன பெருந்தன்மை என்றார் ஒருவர். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்றே தளவாய்க்கு உறைத்தது. இரண்டாவது செட்டும் போனது. வாழ்க்கையில் தான் இவ்வளவு நன்றாக ஆடியதே இல்லை என்று ரெஜி அவரைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். அந்த நேரத்தில் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

மனசு ஆறப் பத்து நாள் ஆனது. பேச்சி சொன்னதுதான் சரி என்று கடைசியில் மனசு ஒத்துக்கொண்டது. அடுத்த மாதம் இன்னொரு டோர்னமென்ட் வந்தபோது வீம்பை விழுங்கிக்கொண்டு பிகினர்ஸ் ஃபாரத்தை நிரப்பி எடுத்துப் போனார். நடத்துகிறவர் சரசம்மா, பாறசாலைக்காரி, ரிட்டயரான பி.டி. டீச்சர், பேச்சில் பாதி மலையாளம். ஆடத் தொடங்கி எத்தனை வருடம் என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டார்.

"இன்னும் தொடங்கல டீச்சர். அந்த ஒரு மேட்ச்தான் ஆடியிருக்கேன்."

தமாஷ் என்று நினைத்து சரசம்மா சிரித்தார்.

"இருபத்திரண்டு கொல்லம் மார்க்கரா நின்ன ஆளு பிகினர்ஸ்ல கேறினா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க, கேட்டோ. வேணும்னா ஓப்பன்ல குடுங்க."

ஓப்பனில் தன்னை நார்நாராகக் கிழித்துவிடுவார்கள் என்று தளவாய்க்குத் தெரியும். நடுவில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். இந்தத் தடவை அந்தப் பிரிவு இல்லையாம். ஃபாரம் மேசை வழியாக இவர் பக்கமே திரும்பி வந்தது. சரசம்மா கெட்டவர் இல்லை. முகம் வாடியதைப் பார்த்து நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

"விஷமிக்காதீங்க தளவாய், வருத்தப்படாதீங்க. நீங்க எதுக்குப் போட்டியில நின்னு மத்சரிக்கணும்? அன்னிக்கு வாங்க, பிகினர்ஸுக்கு வார்ம் அப் குடுக்க ஆளில்ல. உங்கள மாதிரி பந்து போட யாருக்கு வரும்?"

கோபம் வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது வேறு பேச்சு வந்தது.

"எத்தன மணிக்கு வரணும் டீச்சர்?"