ப்ளகினுக்காகக் கட்டிய தேங்காய் மூட்டை

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் கார் டிக்கியில் தேங்காய் மூட்டை லொடக், லொடக் என்று இடித்துக்கொண்டே வந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது...

உடுமலையில் தேங்காய் மண்டி போட்ட புதிது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் ஒரு பிளாக் வைத்து, தினமும் காய் விலை எழுதிக்கொண்டிருந்தேன். விவசாயிகள் அதில் போன் நம்பரைப் பதிந்தால் விலை எஸ்.எம்.எஸ்ஸில் போய்விடும். அதற்காக பிளாக்கோடு சேர்த்து ஓட்டும் குட்டி நிரலை, ப்ளகின் என்பார்கள், அதையும் நானே எழுதினேன். காலேஜ் வாசல் மிதிக்காதவன், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அதை அனுப்பினேன். உலகம் பூராவும் என் பேர் தெரியும் என்று மண்டியில் சொல்லியும் வைத்துவிட்டேன்.

ஒருவர் சரிபார்த்த பிறகுதான் சேர்ப்பார்களாம்; திரும்பி வந்தது. ஏதோ மாற்றி அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்தது.

சரிபார்த்தவர் பெயர் மெயிலின் கீழே இருந்தது. கோவைப் பெண்தான். பிளாக் எழுதுகிறவர்கள் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

எனக்கிருந்தது மண்டிப் புத்தி. சரக்கைத் திருப்பி அனுப்பும் கம்பெனி ஆளின் காரில் ஒரு மூட்டை ஏற்றினால், அடுத்த லோடு பேசாமல் இறங்கும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். நண்பர் ஒருவரிடம் விலாசம் வாங்கி, காயைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெண்ணே கதவைத் திறந்தார். மூட்டையை வாசலில் இறக்கி, "நம்ம தோட்டத்துக் காயிங்க அம்மணி. அந்த ப்ளகினைக் கொஞ்சம் பாத்துச் செஞ்சு உடுங்க," என்றேன்.

"ஏனுங்கண்ணா, இதுக்கு எனக்குச் சம்பளமே இல்லீங்க. லீவு நாள்ல சும்மா பாத்துத் தாரனுங்க."

கோபமே இல்லை. அதுதான் குத்தியது.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பா, "யாரு கண்ணு, தேங்காய்க்காரரா? ஊட்டுல காய் கெடக்குதே," என்றார்.

"அவரு காய் விக்க வரலீங்கப்பா. மார்க் வாங்க வந்திருக்காரு."

என்னை உட்காரச் சொல்லி லேப்டாப்பைத் திருப்பினார். என் ப்ளகினைப் போட்டுப் பார்க்கவென்று அவர் வைத்திருந்த பிளாக். பாஸ்வேர்டே கேட்காமல், பதிந்த போன் நம்பரெல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

"இது நானாப் போட்ட பொய் நம்பருங்க. உங்க பிளாக்ல நெசமான ஆளுக நம்பர் இருக்குமுங்களே?"

இருந்தது... என்னை நம்பிக் கொடுத்த அத்தனை பேருடையதும். இரண்டு மெயிலிலும் அவர் எழுதியிருந்தது இதைத்தான். மறுத்துவிட்டார்கள் என்ற முதல் வரிக்கு மேல் நான் படிக்கவேயில்லை.

எழுந்து படியிறங்கினேன். பின்னாலிருந்து குரல்.

"அண்ணா, ஒரு கை புடிங்க."

மூட்டையின் ஒரு முனையை அவர் தூக்கிவிட்டார். மறுமுனையை நான் பிடித்தேன். எதிரிலிருந்த ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேருமாகச் சுமந்துபோய் டிக்கியில் வைத்தோம்.

வீடு வந்த கையோடு என் பிளாக்கிலிருந்து அந்த ப்ளகினை எடுத்தேன். ஓட்டையை அடைத்து அனுப்பியபோது அவரே பாஸ் செய்தார். பட்டியலில் என் பேரும் வந்தது. மண்டியில் யாரிடமும் காட்டவில்லை.

இன்று அந்த பிளாக் இல்லை, விலையெல்லாம் போன் குரூப்பில் போகிறது. மண்டி பெரிதாகிவிட்டது. சரக்குப் பார்க்க வருகிறவர்கள் காரில் இப்போதும் மூட்டை ஏற்றத்தான் செய்கிறேன், பொய் சொல்வானேன்... டிக்கியை மூடும்முன் ஒரு நொடி நிற்பேன்.

இதுவரை யாரும் அதைத் திருப்பி இறக்க ஒரு கை பிடிக்கச் சொன்னதில்லை.