வளர்ற பிள்ளைக்கு ஒரு துப்பாக்கி

மகளுக்குப் பதினொரு வயதில் முதல் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தேன். பயப்படாதீர்கள், வேட்டைக்கு அல்ல. கிள்ளானில் நான் உறுப்பினராக இருக்கும் கிளப்பில் குறிசுடப் பழக ஒரு ஏர் ரைஃபிள். மாநிலப் பள்ளி அணியில் சேர வேண்டும் என்பது அவள் கனவு. லைசென்ஸ் என் பெயரில். அதற்காகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்த நடைக்கு என் தொப்பையாவது குறைந்திருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் சீனக் கடைக்காரர் அவள் முழங்கையிலிருந்து விரல்வரை அளந்து, சிறியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தோளில் வைத்ததும் அசையாமல் நின்றாள்.

"இது போதும்பா."

பள்ளிச் சீருடையையே இரண்டு அளவு பெரிதாக வாங்கி மடித்துத் தைக்கும் பரம்பரை நாங்கள். "வளர்ற பிள்ளை அங்கிள், பெருசா ஒண்ணு கொடுங்க," என்றேன்.

"பாஸ், இது சட்டை இல்ல லா," என்றார் அவர், அரைகுறைத் தமிழில்.

சிரித்துவிட்டுப் பெரியதையே வாங்கினேன்.

கனம் தாங்காமல் பின்னால் சாய்ந்து நின்றே சுடப் பழகினாள். முதுகு வலி வந்தது. பயிற்சியாளர் எவ்வளவோ திருத்திப் பார்த்தார், சாய்வு போகவில்லை. அணித் தேர்வில் கடைசியாக வந்தாள். அதன்பின் கிளப் பக்கமே வரவில்லை.

இப்போது அவளுக்குப் பதினாறு. போன ஞாயிறு, "இப்ப உனக்கு அளவு சரியா இருக்கும்மா, வா," என்று கூப்பிட்டேன்.

"நீங்க போங்கப்பா. அது உங்களுக்கு வாங்கினதுதானே," என்றாள், போனிலிருந்து தலை நிமிராமல்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சியிருக்கும்.