வண்டி வீட்டிலிருந்து அருவி நிலவரம்

என் மாமனார் பெயர் முத்துக்குமாரசாமி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் வீடு. அரசு பஸ்ஸில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் அவர் உட்கார்ந்திருந்த காலத்தில், இறங்குகிற ஆட்கள் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “அண்ணாச்சி, தண்ணி விழுதா?” அவர் ஓய்வு பெற்றார், கேள்வி ஓய்வு பெறவில்லை. முதலில் போனில் வந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ‘அருவி நிலவரம்’ என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து அவரை அதற்கு அட்மின் ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து மாமா எங்களுக்குச் சொந்தமில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் சீசனில் குற்றாலத்தை நம்பி வண்டி பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நேற்றுக் கொட்டிய அருவி இன்று நூலாக வடியும். இல்லையென்றால் மலையில் மழை கூடிப்போய் போலீஸ் தடை போட்டிருக்கும். வேன் பிடித்து வந்து, பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அதனால் மாமா விடிந்ததும் மொபட்டை எடுத்துக்கொண்டு மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்றுப் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான் குழுவில் குரல் கொடுப்பார். “மெயின்ல ஆம்பளைக பக்கம் நல்லா விழுது. பொம்பளைக பக்கம் சுமார்தான். ஐந்தருவில கூட்டம் கெடக்கு. சாரல் அடிக்கி, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கொண்டு வாங்க.”

ஒருமுறை லாட்ஜ்காரர் ஒருவர் பை நிறைய மங்குஸ்தான் பழத்தோடு வந்தார். ரூமெல்லாம் காலியாகக் கிடக்கிறது, கொஞ்சம் தண்ணீரைக் கூட்டிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். “விழாத தண்ணிய நான் எங்கன இருந்து ஊத்த?” என்று மாமா பையோடு அவரை அனுப்பிவிட்டார். எனக்கு அவரிடம் பிடிக்காத குணங்கள் உண்டு. பேப்பரை எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பார். நான் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடுவார். ஆனால் அருவி விஷயத்தில் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பொய்யாக வந்து நான் கேட்டதில்லை.

என் மாமியார் குழல்வாய்மொழி அத்தை இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் தனி ஆள். நானும் என் மனைவி யோகலட்சுமியும் மகளும் நியூசிலாந்தில் இருக்கிறோம். எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவர், போன ஜூலையில் எப்படியோ சம்மதித்தார். எங்கள் மகளுக்கு அப்போதுதான் விடுமுறை. குற்றாலத்திலோ சீசன் உச்சம். “மாப்ளே, அங்கன நெட்டு கெடைக்கும்லா?” என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

ஊரில் இல்லை என்பதைக் குழுவில் அவர் மூச்சுவிடவில்லை. காரணம் கௌரிசங்கர் என்ற இளவட்டம். அவன் ட்ரோன் பறக்கவிட்டு அருவியை மேலிருந்து படம் பிடித்துப் போட ஆரம்பித்திருந்தான். “நான் இல்லன்னு தெரிஞ்சா அம்புட்டுப் பேரும் அவன் பின்னால போயிருவாவ மாப்ளே” என்றார் மாமா. ஐந்தருவிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அப்துல் மஜீது தினமும் காலையில் போய்ப் படம் எடுத்து அனுப்புவார் என்றும், அதைப் பார்த்துவிட்டு இவர் இங்கிருந்து பேசுவார் என்றும் ஏற்பாடு. தண்ணீரைப் பற்றித்தானே கேட்கிறார்கள், ஆள் எங்கே நிற்கிறான் என்று யாரும் கேட்கவில்லையே என்பது அவர் கட்சி. அங்கே விடிகிற நேரம் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். மாமா வாயில் சோற்றை வைத்துக்கொண்டு “எல்லாருக்கும் காலை வணக்கம்” என்பார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஊர் சுற்ற ஒரு கேரவன் எடுத்தோம். “நடிகமாரு மேக்கப் போடுத வண்டியா?” என்று கேட்டு, உள்ளே ஏறிக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “பெரிய ஆளுதான் மாப்ளே நீங்க” என்றார். அடுத்த கேள்வி நெட் எங்கே என்பது. அவருடைய இந்திய சிம்மில் ரோமிங் போட்டால் கட்டுப்படி ஆகாது. கேரவன் கம்பெனி தருவதாகச் சொன்ன வைஃபையும் கொள்ளை விலை. நான் சிவகிரிக்காரன், நாலு கடை விசாரிக்காமல் தீப்பெட்டி கூட வாங்கமாட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் இருப்பதிலேயே மலிவான டேட்டா சிம் ஒன்றை வாங்கி, பழைய வைஃபை டப்பாவில் போட்டு, முன்கண்ணாடி ஓரம் வைத்தேன். வீடியோ யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டமும் போட்டேன். யோகா என் சிக்கனப் புத்தியை அங்கேயே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். மாமா மட்டும் என் பக்கம். அந்த டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார், குளிருமே என்று தன் மப்ளரால் சுற்றிக்கூட வைத்தார்.

முதல் சில நாள் ஜோராகப் போனது. பிறகு மேற்குக் கரை மலைக்குள் போனோம். மலிவு கம்பெனிக்கு மலையில் டவர் கிடையாது என்று அந்த சிம் அட்டையில் எவனும் அச்சடித்து வைக்கவில்லை.

மலைக்குள் நுழைவதற்கு முந்தின நாள், தூத்துக்குடியில் தையல் கடை வைத்திருக்கும் சங்கரேஸ்வரி குழுவில் பேசியிருந்தார். “அண்ணாச்சி, நாளைக்கு வேன் சொல்லியிருக்கோம். எங்க அத்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் வெளிய கூட்டிட்டு வாரோம். அவுக ஆசைப்பட்டுக் கேக்காவ. நீங்க காலைல சொன்னாத்தான் வண்டிய எடுக்கச் சொல்லுவேன்.” மாமாவும், “சொல்லுதேன் தாயீ” என்று பதில் போட்டிருந்தார்.

மறுநாள் டப்பாவில் விளக்கே எரியவில்லை. மஜீது அனுப்பும் படம் வரவில்லை. சாலையோரம் ஓர் அருவி தெரிந்தது, சாப்பிடலாம் என்று நிறுத்தினோம். மாமா தட்டைத் தொடவில்லை. குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, போனை வானத்துக்குக் காட்டியபடி அங்குமிங்கும் நடந்தார். பிறகு ஆளைக் காணோம். தேடிப் போனால், அருவிக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். “மெயின்ல ரெண்டு பக்கமும் நல்லா விழுது. பெரியவங்கள தாராளமா கூட்டிட்டு வாங்க.” பின்னால் நியூசிலாந்து அருவி ஹோவென்று ஒத்து ஊதியது.

“என்ன மாமா, படம் வந்துட்டா?”

“நேத்து நல்லாத்தான விழுந்துச்சு மாப்ளே. ஒரு ராத்திரில என்ன ஆயிரப் போவுது? அந்தப் பிள்ள வேன வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கும்லா.” சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி கிளம்பி, மலை ஏறி இறங்கி, ஓர் ஆட்டுப் பண்ணையைத் தாண்டும்போது டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. அருவிப் பக்கம் அவர் பேசிப் பதிவு செய்து வைத்தது குழுவுக்குப் போய்விட்டது. அதே மூச்சில் மஜீது அனுப்பிய படம் வந்து விழுந்தது. அருவி செம்மண் நிறத்தில் பாறையே தெரியாமல் கொட்டுகிறது. தடுப்புக்கு முன்னால் போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள், குளிக்க ஒரு ஆள் இல்லை. ‘ராத்திரி பூரா மலைல மழை. எல்லா அருவிலயும் தடை’ என்று கீழே எழுதியிருந்தார். விளக்கு அணைந்துவிட்டது.

“மாப்ளே, வண்டிய திருப்புங்க. வெளக்கு எரிஞ்ச எடத்துக்குப் போவோம்.”

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எங்கள் வண்டியோ யானை அகலம். “மாமா, இது மொபட் இல்ல!” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை இறந்த அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்ற மனிதர் அவர். இப்போது அணைந்துபோன டப்பாவை மப்ளரோடு எடுத்து மடியில் வைத்து, அதன் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆபரேஷன் ஒடம்போட வாராவ மாப்ளே. என் பேச்ச நம்பி வாராவ” என்றார். எவ்வளவு விரட்ட முடியுமோ அவ்வளவு விரட்டினேன்.

கேரவன்களை நிறுத்தித் தங்குகிற இடத்துக்கு வந்து சேர்ந்ததும் யோகா இறங்கி ஆபீசுக்கு ஓடினாள். இலவச வைஃபை இருக்கிறது, ஆனால் துணி துவைக்கும் அறைக்குள் மட்டும்தான் எடுக்கும் என்றார்கள். வாஷிங் மெஷின்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில் மாமா உட்கார்ந்தார். குழுவில் எல்லோரும் அவர் குரலைக் கேட்டு முடித்திருந்தார்கள். ‘கெளம்பிட்டோம் அண்ணாச்சி’ என்று சங்கரேஸ்வரி போட்டிருந்தார். மாமா அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. குழுவிலேயே பேசினார்.

“முத்துக்குமாரசாமி பேசுதேன். எல்லாரும் மன்னிக்கணும். நான் குற்றாலத்துல இல்ல. மக வீட்டுக்கு நியூசிலாந்துக்கு வந்து கெடக்கேன். காலைல சொன்னது நான் பாத்துச் சொன்னது இல்ல. பின்னால கேட்ட தண்ணிச் சத்தமும் நம்ம ஊருச் சத்தம் இல்ல. இன்னைக்கு எல்லா அருவிலயும் தடை. யாரும் வராதீங்க. இனிமே கௌரிசங்கர் போடுத படத்தப் பாத்துக்கிடுங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது யோகா வெளியே போய்விட்டாள். அழத்தான் போனாள்.

பதில்கள் வந்தன. ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்று ஒருவர். பாதி வழியில் திரும்பியதாக இன்னொருவர். ஒரு ஆள் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டே போனார். மாமா ஒன்றையும் விடாமல் வாசித்தார். அப்போது சங்கரேஸ்வரியே கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஆலங்குளம் தாண்டிட்டோம்லா!”

“தப்புதான் தாயீ.”

“திட்டணும்னுதான் போன் போட்டேன். ஒங்க கொரலக் கேட்டா வாய் வரமாட்டேங்கு. அத்த திரும்ப மாட்டேங்காவ. நாளைக்கு விட்டாலும் விடுவாங்க, ஒரு நாள் இருந்து பாப்போம்ங்காவ. சனிக்கெழம, ரூம் எங்கனயும் இல்லயாம். ஒங்களுக்குத் தெரிஞ்ச எடம் ஏதும் இருக்கா?”

“எடம் என்ன எடம். என் வீடு இருக்கு. சாவி மஜீது பாய் கடைல கெடக்கு, வாங்கிக்கிடுங்க.”

நான் திகைத்துப்போனேன். சீசனில் அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளை வாடகைக்கு விடுவார்கள். அத்தை போன பிறகு மாமா வாடகைக்கு விட்டதில்லை என்பது மட்டுமல்ல, சொந்தக்காரர்களைக்கூட ராத்திரி தங்கச் சொன்னதில்லை. அத்தை வைத்த பாத்திரத்தை யாராவது இடம் மாற்றிவிடுவார்களோ என்று பயம். அந்த மனிதர் இப்போது, “அரிசி நீல டப்பால இருக்கு. குக்கர் மேல் தட்டுல. பெரியம்மாவ உள்ரூம் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க, அங்கன காத்து வரும். பிள்ளைக எந்தப் பாத்திரத்த வேணாலும் எடுக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு மெஷின் துவைத்து முடித்து, வேறு யாரோ வந்து அடுத்ததைப் போட்டார்கள். கேஸ் எப்படித் திருகுவது என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே கிளம்புவதாக இருந்தோம். மாமாவுக்காக நான் வண்டியை எடுக்கவில்லை. மதியம் அவர் துணி துவைக்கும் அறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போய் நின்றோம். அவர் சும்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது குழுவில் ஒரு பெண் குரல் வந்தது.

“எல்லாருக்கும் காலை வணக்கம். முத்துக்குமாரசாமி அண்ணாச்சி வீட்டுல இருந்து சங்கரேஸ்வரி பேசுதேன். ஐந்தருவில இப்பதான் விட்டாங்க, நானே போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்லுதேன். மெயின்ல இன்னும் விடல. வாரவங்க அவசரப்படாம பைய வாங்க.”

மாமா கேட்டார். திரும்பவும் போட்டுக் கேட்டார். பிறகு போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

“ஐந்தருவில விட்டாச்சு, அம்புட்டுத்தானப்பா? எத்தன தடவ கேப்பிய?” என்றாள் யோகா.

“தண்ணி கெடக்கட்டும்ட்டி. பின்னால கேளு. ஒரு பிள்ள பல்லு தேய்க்க மாட்டேன்னு அழுவுது. யாரோ உப்பு எங்கனன்னு கேக்காவ.” போனை அவள் காதில் கொண்டுபோய் வைத்தார். “நம்ம வீட்டுல ஆளு இருக்குட்டி.”