வாசலுக்கு நேரே வந்த குதிரைப் பாதை

டொரன்டோவில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையான வேலை, குதிரைகளுக்குப் பாதை வரைவது. ஊருக்கு எழுதினால் சிரிப்பார்கள் என்று யாருக்கும் எழுதவில்லை.

கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக இருந்தவன் நான். 1984இல் இங்கே வந்து, கைத்தோல் வெள்ளையாகும்வரை கோப்பை கழுவினேன். பிறகு ஒரு சிறிய திட்டமிடல் கந்தோரில் என் கோடுகளைப் பார்த்துவிட்டு மேசையும் பேனையும் தந்தார்கள். யூனியன்வில்லுக்கு வடக்கே ஒரு பண்ணை நிலம் அப்போது வீட்டுத்திட்டமாக மாறிக்கொண்டிருந்தது. விற்றவர் வயதான வெள்ளைக்கார விதவை. தன் வீட்டையும் ஒரு கொட்டிலையும் இரண்டு பெட்டைக் குதிரைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருந்தார். புதிய வீடுகளுக்கு நடுவே குதிரைகள் போக ஒரு பாதையும், வழியில் அவற்றை அவிழ்த்துவிட வேலியடைத்த பட்டியும் விடவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. மற்றப்படி அவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் வீடுகள் வந்துவிடும். பாதை இல்லையென்றால் குதிரைகளும் இல்லை.

அதுவரை நான் கிட்ட நின்று பார்த்த குதிரை கோயில் வாகனம் மட்டும்தான். அது உதைக்காது. அந்த அம்மா என்னைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய், இரண்டு குதிரைகளையும் எதிரெதிரே நிறுத்தி, “இவை முட்டாமல் விலகிப்போக எவ்வளவு இடம் வேண்டும், நீயே பார்” என்றார். பார்த்தேன், பயந்தேன், தாராளமாக வரைந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தத் தாராளம் தேய்ந்தது. முதலில் மரவரிசை போனது, பிறகு ஒரு பக்கத்துப் புல்தரை போனது. பட்டியின் வாசலை மட்டும் நான் குறைக்க விடவில்லை. குதிரைக்குப் பின்பக்கமாக நடக்கத் தெரியாது, திரும்ப இடம் வேண்டும் என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒரு பொய் சொன்னேன். குதிரையைப் பற்றி அவர்களுக்கும் என்னளவுதான் தெரியும், நம்பிவிட்டார்கள்.

நான் அப்போது மல்வேர்னில் அக்கா வீட்டில் இருந்தேன். வாடகை வீடு. அத்தானுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் சொந்த வீடு இருந்தது. எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் எரித்துவிட்டார்கள். இங்கே வந்த நாள்முதல் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்து, இன்னொரு வீடு வாங்குவதைத் தவிர வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. என் வாயால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டு, விற்பனைக் கந்தோருக்குப் போய், முதலில் கட்டப்படும் வரிசையில் ஒரு வீட்டுக்கு முற்பணமும் கட்டிவிட்டார். வரைபடத்தில் கிழக்கு எது என்று மட்டும் கேட்டாராம். கிழக்கு வாசல் கிடைத்த சந்தோஷத்தில், வாசலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பாதையைக் காட்டிப் பெருமையடிக்க, வரைபடத்தின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். அத்தான் விரலை வைத்தார்.

“உது என்ன தம்பி, நேரா என்ர வாசலுக்கு வாற கோடு?”

“அதுதான் அத்தான் குதிரைப் பாதை. உங்கட றோட்டிலை வந்து ஏறி, ஓரத்தாலை திரும்பி ஓடைப்பக்கம் போகும்.”

“தெருக்குத்து எண்டு சொல்லு.”

தெரு ஒன்று நேராக வந்து வாசலில் முட்டினால் அந்த வீடு விளங்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான் சிரித்தேன். “அது தெருவே இல்லை அத்தான். ஒரு மனிசியும் ரெண்டு குதிரையும் போகும், அவ்வளவுதான்.”

“வெள்ளவத்தை வீடும் தெருக்குத்து. வாங்கேக்கை உன்ர அக்கா சொன்னவ. நானும் உன்னை மாதிரித்தான் சிரிச்சனான்.”

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டை எரித்தவர்கள் பெற்றோல் தகரத்தோடு வந்தார்கள், சாத்திரத்தோடு வரவில்லை. அது அத்தானுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வந்தது அந்தத் தெருவால்தான். யன்னலில் நின்று அவர்கள் நேரே வருவதைப் பார்த்த மனிதனோடு நான் எந்த வாயால் வாதாடுவது?

பாதையைக் கொஞ்சம் வளைக்கலாமா என்று கந்தோரில் கேட்டுப் பார்த்தேன். வளைத்தால் ஒரு வீட்டுக் காணி நட்டம் என்றார்கள். வாசலில் பிள்ளையார் வைத்தால் போதும் என்று அக்கா சொன்னார். அத்தான் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. அதே வரிசையில் வாங்கியிருந்தவர்களைத் தேடிப்போய்க் கதைத்தார். வெள்ளைக்காரருக்குத் தெருக்குத்து விளங்காது, சாணியில் மொய்க்கும் இலையான் விளங்கும். சாணி, மணம், பிள்ளைகளை உதைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றொன்றாக எடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. பாதை வேண்டாம் என்ற மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“பாதை இல்லாமப் போனா அந்த நிலத்தைச் சும்மா விடமாட்டாங்கள் அத்தான்” என்றேன்.

“புல்லுத்தானே முளைக்கும். முளைக்கட்டும்.”

நகரசபைக் கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார். “அப்படியானால் அவை எங்கே நடக்கும்?” நான் பின்வரிசையில் வரைபடக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அத்தான் எனக்கு இரண்டு கதிரை தள்ளி, கோயிலுக்குப் போகும் சட்டையோடு இருந்தார். அவர் முகத்திலும் வென்ற களை இல்லை. பாதை இரத்தானது.

தாங்கள் கேட்கத் துணியாததை, வீடு வாங்கியவர்களே கேட்டுக் கொடுத்ததில் வீடு கட்டும் கம்பனிக்கு வாயெல்லாம் பல். பட்டி இருந்த இடத்தில் இன்னும் வீடுகள். அந்த வீடுகளுக்குப் போக ஒரு தெரு வேண்டும். தெருவுக்கு, பாதைக்கென்று ஏற்கெனவே வெறும் வெட்டையாக விட்டிருந்த இடம் ஒன்றுதான்.

பழைய கோடுகளை பிளேட்டால் சுரண்டச் சொல்லி எனக்கே தந்தார்கள். பட்டியைச் சுரண்டினேன், பொய் சொல்லிக் காப்பாற்றிய வாசலைச் சுரண்டினேன். பாதையின் நடுக்கோட்டை மட்டும் சுரண்டத் தேவைப்படவில்லை. அதுவே புதிய தெருவின் நடுக்கோடு. இருபக்கமும் அகலம் கூட்டினால் போதும். அது எங்கே போய் முட்டுகிறது என்று எனக்கு முன்னமே தெரியும். மேலதிகாரியிடம் போய், நேரே ஒரு வீட்டு வாசல் வருகிறது என்றேன். அவர் நல்ல மனிதர். “எந்தத் தெருவும் யாரோ ஒருவரின் வீட்டில்தான் முடியும்” என்று என் தோளில் தட்டினார். நான் போய் வரைந்தேன். வேறென்ன செய்வது, கோப்பை கழுவப் போவதா?

குதிரைகளை ஏற்ற லொறி வந்த அன்று, எல்லைக் கட்டைகளைச் சரிபார்க்க நான் அங்கே போயிருந்தேன். ஒன்று பேசாமல் ஏறியது. மற்றது பலகையில் முன்காலை வைத்துப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகவே கொட்டில்வரை நடந்து போனது. அந்த அம்மா வெளியே வரவில்லை. அந்த அம்மா, அத்தான் இரண்டு பேரில் ஒருவராவது தப்பியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அத்தான் வீடு குடிபுகுந்த அடுத்த மாரியில் ஒருநாள், வேலை முடிந்து போனேன். ஐந்து மணிக்கே இருட்டு. அத்தான் முன்னறையில் விளக்குப் போடாமல் கதிரையில் இருந்தார். யன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. யன்னல் விளிம்பில், அக்கா வைத்த சிறிய பிள்ளையார் தெருவைப் பார்த்தபடி இருந்தார். எதிர்த்தெருவால் ஒரு கார் வந்தது. அதன் வெளிச்சம் திரைக்குள்ளால் நேரே அத்தானின் முகத்தில் விழுந்து, பெருத்து, பிறகு சுவரில் திரும்பிப் போனது. அது போய்முடியும்வரை அவர் கதிரைக் கையைப் பிடித்தபடி இருந்தார்.

“தம்பி, குதிரையெண்டா இருட்டினாப் பிறகு வராது, என்ன?” என்று கேட்டார்.

“வராது அத்தான்” என்றேன்.