லைனில் கடைசி ஆள்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவோ 'லைன்' என்ற ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுவதையும் ஓட்டிவிடுவாள். காலையில் தண்ணீர் லாரிக்கு லைனில் குடத்தைப் போட்டு வைப்பாள். பாதி வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தால் "ஒரு லைன் போயிடுச்சு" என்பாள். சொந்தத்தில் யாருக்காவது வரன் வந்தால், பையன் எந்த லைனில் இருக்கிறான் என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. தெருமுனையில் ஒருவன் சைக்கிளோடு இரண்டு நாள் நின்றால் போதும், எவளுக்கோ லைன் போடுகிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

என் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. தி. நகரில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து நான் நிற்கும் பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தினமும் நின்றான். நான் அவனை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை பார்த்தேன். அதை என் அக்கா அப்பாவிடம் போய்ச் சொன்னாள். "யாரோ இவளுக்கு லைன் போடறான்பா." அவ்வளவுதான், வகுப்புக்கு முழுக்குப் போட வேண்டியதாயிற்று. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகி, மஸ்கட்டில் இருந்த கணவரிடம் போக நாள் குறித்திருந்தார்கள். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"நீ போய்த் தொலைஞ்சாத்தான்டி எனக்கு நிம்மதி."

மறுநாள் விமான நிலையத்துக்கும் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வாசலில் டாக்சி கிளம்பிய சத்தம் கேட்டபோதே எனக்குப் புத்தி வந்துவிட்டது. எனக்குக் கோபமும் சீக்கிரம் வரும், புத்தியும் வரும். ஆனால் புத்தி எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வரும்.

மயிலாப்பூரில் நாங்கள் மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும் இருந்தார்கள். டெலிபோன் அவர்களிடம்தான். அவர்களுடைய நம்பரை எங்கள் நம்பர்போல எல்லோருக்கும் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று, அதாவது கூப்பிட்டுக் கொடுக்க வேண்டிய நம்பர் என்று, போட்டுவிடுவோம். அக்காவின் கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது. அக்கா வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வாள். கீழேயிருந்து மாமி குரல் கொடுப்பாள்.

"லைன்ல இருக்கா, ஓடி வாங்கோ!"

ஓடி வரும் நேரமும் அக்காவின் கணக்கில்தான் போகும் என்பதால், ஆறே முக்காலுக்கே நாங்கள் மாமி வீட்டுக் கூடத்தில் போய் நிற்போம். வயசுப்படிதான் வரிசை. முதலில் அப்பா, பிறகு அம்மா, அண்ணன், கடைசியில் நான். அப்பா அங்கே வெயில் எப்படி என்று கேட்பார். மெட்ராஸ் வெயிலை வைத்துக்கொண்டு மஸ்கட் வெயிலை விசாரித்த ஒரே மனுஷர் அவர்தான். அம்மா அரிசி எப்படி வேகிறது என்று கேட்பாள். அண்ணன் வாக்மேனை ஞாபகப்படுத்துவான். ரிசீவர் என் கைக்கு வரும்போது பெரும்பாலும் லைன் கட்டாகியிருக்கும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் குரல் இருந்தது.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

எதிரே மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மாமி கதவோரம் நின்றாள். அண்ணன் தன் காதை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். நான், "இங்க எல்லாரும் சௌக்கியம்" என்றேன். ஒரு மன்னிப்பு கேட்கத் தனியாக ஓர் இடம் அந்த வீட்டில் இல்லை.

அப்பா பல வருஷம் முன்பு பதிந்துவைத்திருந்த டெலிபோன் அந்த ஏப்ரலில் வந்தது. லைன்மேன் கம்பத்துக்கும் ஜன்னலுக்குமாக ஒயர் இழுத்தார். அப்பா நொடிக்கொரு தரம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், இத்தினி வருசம் வெயிட் பண்ணீங்க, அஞ்சு நிமிசம் பொறுக்க மாட்டீங்களா? லைன் வந்துகினே கீது" என்றார் லைன்மேன்.

வீட்டில் எல்லோரையும்விட எனக்குத்தான் சந்தோஷம். இனிமேல் யாரும் இல்லாத நேரத்தில் அக்காவோடு பேசலாம்.

புது நம்பரை அக்காவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாங்கள் அனுப்பும் ஏர் லெட்டரிலும் அதே வரிசைதான். அப்பா, அம்மா, அண்ணன் எழுதி முடித்த பிறகு அடியில் நாலு விரல் இடம் எனக்கு. நான் எப்போதும் ஏதாவது ஒப்புக்கு எழுதிவைப்பேன். இந்த முறை அப்பா, "நம்பரை உன் இடத்துல எழுதிடும்மா" என்றார். எழுதியிருக்கலாம். ஆனால் நம்பரோடு அந்த மன்னிப்பையும் எழுதிவிட வேண்டும், எழுதியதும் யாரும் படிக்குமுன் நானே ஒட்டிவிட வேண்டும் என்று ராத்திரிக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம் அண்ணன் பட்டினப்பாக்கம் போகிற வழியில் அதை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்தான். என் இடம் காலியாகவே போனது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். தன் கையாலேயே நம்பரை மட்டும் எழுதி இன்னொரு கடிதம் போட்டார். அது போய்ச் சேரும்வரை மாமி வீட்டு நம்பர்தானே இருக்கிறது என்று சும்மா இருந்தோம். அதற்குள் மாமாவும் மாமியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு புதன்கிழமை. நான் அடையாறில் காலேஜ் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா அந்த நேரத்தில் தையல் வகுப்பு எடுக்கப் போய்விடுவாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. டெலிபோன் மணி அடித்தது. பாய்ந்து போய் எங்கள் ரிசீவரை எடுத்தேன். 'கொர்ர்' என்றது. மணி மட்டும் தொடர்ந்து அடித்தது. கீழே.

வெளிநாட்டு அழைப்பு என்றால் மணி மூச்சுவிடாமல் அடிக்கும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. இது அப்படித்தான் அடித்தது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வாசல் கதவில் பெரிய பூட்டு. கூடத்து ஜன்னலில் ஒரு கதவு மட்டும் சரியாகச் சாத்தாமல் இருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால், ஸ்டூலின் மேல், மாமி பின்னிய உறையைப் போர்த்திக்கொண்டு டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. கம்பிக்குள் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டுகிற தூரமா அது?

வெள்ளிக்கிழமை அல்ல, ஏழு மணியும் அல்ல. நான் தனியாக இருக்கும் நேரம் அக்காவுக்குத் தெரியும். காலியாக வந்த என் நாலு விரல் இடத்தை அவள் பார்த்திருக்கிறாள், நான் இன்னும் கோபமாக இருப்பதாக நினைத்திருக்கிறாள். அழுகை வந்தது. மணி நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாவது தடவை அடித்தபோது கம்பியில் முகத்தை வைத்து, "அக்கா, தப்பு என்மேலதான். நீ போனதுல எனக்கு ஒரு நிம்மதியும் இல்ல" என்று சத்தமாகவே சொன்னேன். அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

அடுத்த வாரம் முதல் அவள் எங்கள் நம்பருக்கே பேசினாள். சொந்த டெலிபோன் வந்தும் வரிசை மாறவில்லை. என் முறை வரும்போது, அதான் அன்றைக்கே சொல்லியாயிற்றே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, சௌக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன். புதன்கிழமையைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தாள். திருவான்மியூர் கடற்கரையில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஒரு தடவ உன்கிட்ட பேசணும்னே பூத்துக்குப் போனேன். மூணு தடவ போட்டேன். பின்னாடி லைன்ல நின்னவங்கல்லாம் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. நீ வேணும்னே மாமிகிட்ட எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சேன்."

வீடு பூட்டியிருந்ததையும், நான் ஜன்னலில் நின்றதையும், அங்கே நின்று சொன்னதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"இத ஒரு வெள்ளிக்கிழம சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "ரெண்டு வருஷம் நானும் நிம்மதியா இருந்திருப்பேன்."