நான்கு கதவுகளும் ஒரே கைப்பிடியும்

என் கணவரின் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு எந்த டாக்டரும் முதலில் சொல்லவில்லை. சமையலறை அலமாரிக் கதவுகளைப் புதுப்பித்தேன், அதனால் தெரிந்தது.

எங்கள் வீட்டில் விடிகாலைக் காபி அவருடைய இலாகா. கல்யாணமான புதிதில் தொடங்கியது. ஐந்து மணிக்கு எழுந்து அவர் போட்டுக் கொடுப்பார்; நான் குடித்துவிட்டுத்தான் பாயைச் சுருட்டுவேன். கீழ்பென்னாத்தூர் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். தனக்கு உடம்பு சரியில்லாத நாளில்கூட என்னை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இங்கே அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்து, வேங்கிக்காலில் வீடு கட்டினோம். கையில் இருந்ததெல்லாம் கூரைக்கே சரியாகப் போய்விட்டது. சமையலறைச் சுவரில் கடப்பைக் கல் தட்டுகள். அவற்றை மறைக்க, கான்கிரீட் போட வாங்கிய பலகையில் மிஞ்சியதை வைத்து நான்கு கதவுகள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கதவுகள் ஆளுக்கொரு குணத்துக்கு வந்திருந்தன. காபித்தூள் கதவுக்குப் பித்தளைக் குமிழ். சர்க்கரைக் கதவின் குமிழ் உடைந்துபோய், சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாகக் கட்டியிருந்தோம். உப்பும் பருப்பும் இருந்த கதவு திறந்தால் ஊரையே கூப்பிடும். நான்காவது, மடித்த காகிதத்தைச் செருகினால்தான் மூடும்.

ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் சென்னையிலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வருவாள். ஒரு வருஷம் சர்க்கரை எடுக்கப் போனவள் அந்த ட்யூபை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இன்னும் இதை மாத்தலியா அண்ணி?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தீபத்துக்குள் மாற்றிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதமே போட்டேன்.

தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ப்ளைவுட்ல புதுசா பண்ணிடலாங்க" என்று அவர் சொன்ன தொகையில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. பலகை நல்ல பலகைதான், மேலே மைக்கா ஒட்டினால் போதும் என்று நானே இறங்கிவிட்டேன். கடையில் மிஞ்சிக் கிடந்த வெள்ளை மைக்காத் துண்டுகள் பாதி விலைக்குக் கிடைத்தன. நான்கு ஸ்டீல் கைப்பிடிகளும் வாங்கினேன், நான்கும் ஒரே அச்சு.

கதவுகளைக் கழற்றிக் கூடத்தில் போட்டோம். உப்புத்தாள் தேய்க்கும் வேலை அவருக்கு. நான் கண்ணால் பார்த்துச் சரி என்று விட்ட மேடுகளை எல்லாம் அவர் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அதை வேலைச் சுத்தம் என்று நினைத்தேன். ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மைக்காவை ஒட்டி, மேலே அம்மிக்கல்லையும் அரிசி மூட்டையையும் ஏற்றி இரண்டு நாள் விட்டேன். கதவுகளை மாட்டும்போது கீல்களுக்கு எண்ணெயும் விட்டேன்.

கைப்பிடி வைக்கும் நேரத்தில் அவர் கேட்டார். "பழைய பிடிங்கள அப்படியே வுட்டுடேன்."

"புது மைக்கா மேல சைக்கிள் ட்யூபா? உங்க தங்கச்சி சிரிக்கவா?" என்றேன். பழையவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

நான்கு கதவுகளும் பளிச்சென்று ஒன்றுபோல நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர், "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காபியில் உப்பு. அதற்கு மறுநாள் சர்க்கரையே இல்லை. உள்ளே எல்லாமே எவர்சில்வர் டப்பாக்கள்தான், தடுமாற்றம் வரும் என்று முதலில் விட்டுவிட்டேன். நான்காம் நாளும் உப்புக் கரித்தபோது, "வெளுத்ததெல்லாம் பால்னு நினைக்கிற ஆளு நீங்க! ரிடையரானா கவனமுமா ரிடையராவும்?" என்று கத்திவிட்டேன். அவர் டம்ளரை வாங்கிப்போய்க் கொட்டிவிட்டு வேறு போட்டு வந்தார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

தீபம் வந்தது. நாத்தனார் கதவுகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்றுவோம். அகல்களில் எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று பார்த்து மேகம் இறங்கி உச்சியை மூடியிருந்தது. ஆறு மணிக்குக் கோயில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது, தெருவெல்லாம் அரோகரா என்றது. நாங்கள் எல்லோரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் கைகூப்பினார். "ஏத்திட்டாங்க பாரு. இந்த வருஷம் எவ்ளோ ஜாஸ்தியா எரியுது!"

"அண்ணனுக்கு மட்டும் சாமி தனியா காட்டுறாரு" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காபி உப்பும், தடவித் தேய்த்த விரலும், பழைய பிடியை விடச் சொன்னதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மேகம் விலகித் தீபம் தெரிந்தபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகல்களை ஏற்றத் தீப்பெட்டியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன்.

விருந்தாளிகள் ஊருக்குப் போன பிறகு கேட்டேன். இரண்டு வருஷமாகவே மங்கிக்கொண்டு வருகிறது என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை ஒரு நாற்காலியில உட்கார வச்சிடுவ. காபிகூட போட வுடமாட்ட."

வேலூரில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் நீர் அழுத்தம், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அழுதேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினேன். பித்தளைக் குமிழை மாட்டினேன். ட்யூப் வளையத்துக்கு ஆணி அடித்ததில் மைக்கா ஓரத்தில் விரிசல் விட்டது. போகட்டும் என்று விட்டேன். நான்காவதில் ஸ்டீலைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை மடித்துச் செருகினேன். எண்ணெய் குடித்த உப்புக் கதவைத்தான் மறுபடி கிறீச்சிட வைக்க முடியவில்லை. அதன் புதுக் கைப்பிடியில் கை வைத்தபோது அவர் பின்னால் வந்து நின்றார்.

"அத கழட்டாத. வழவழன்னு இருக்கறது உப்புன்னு வச்சிக்கறேன்."

மறுநாள் ஐந்து மணிக்கு விழித்துப் பாயிலேயே படுத்திருந்தேன். எழுந்து போய் உதவலாம் என்று கால் துடித்தது. போகவில்லை. ட்யூப் இழுபட்டுக் கதவில் அடிக்கும் சத்தம் கேட்டது. டம்ளரை நீட்டிவிட்டு, நான் குடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

"சர்க்கரை சரியா இருக்கா?"

கொஞ்சம் கம்மிதான். "சரியா இருக்கு" என்றேன்.